மாரப்பன் ஓட்டி வந்த மாடு

எழுபத்து நாலாம் வருஷம், மீனாட்சிபுரத்து மாரப்பன் சந்தைக்குக் கறவை மாடு வாங்கப் போனான். விற்கிறவர் பழைய கயிற்றைக் கொடுக்கமாட்டார் என்பதால் வழக்கப்படி புதுக்கயிறு கொண்டுபோயிருந்தான்.

தரகர் குப்பண்ணன் மாடு எதையும் காட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"கயிறு உங்க கையில இருக்குதுங்க. நீங்க முன்னால நடக்கறீங்க. மாடு பின்னால வருதுங்க. குளம்புச் சத்தம் கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க" என்றான் மாரப்பன். நிஜமாகவே கேட்டது. மனைவியின் தோட்டை விற்ற பணத்தை நீட்டிவிட்டு ஏழு மைல் நடந்தான். வழி நெடுகப் பிடரியில் சூடான மூச்சு பட்டது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

புது மாட்டின் கால் கழுவ வாசலில் செம்போடு நின்ற மனைவி பழனாத்தாள், "ஏனுங்க, மாடு எங்கீங்க?" என்றாள்.

அப்போதுதான் திரும்பினான். மாடு இல்லை. கயிற்றின் சுருக்கு மட்டும் கழுத்து உயரத்தில், கீழே விழாமல் நின்றது.

பழனாத்தாள் சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீரை ஊற்றினாள். அது இரண்டாகப் பிரிந்து, இரண்டு கால்களில் வழிவதுபோல் மெல்ல இறங்கியது. அவள் காற்றைத் தடவிக்கொண்டே போனாள். வயிற்றுப் பக்கம் வந்ததும் கை நின்றது.

"சினை மாடுன்னு தரகர் சொன்னாருங்களா?"

"இல்லியே."

உள்ளிருந்து ஏதோ உதைத்ததுபோல் அவள் உள்ளங்கை ஒருமுறை எம்பி அடங்கியது.