அடிக்குது மேடம்

பொம்மசந்திரா ஆய்வகத்தில் பிரிஸில்லாவுக்கு இன்று சோதனை நாள், தேறினால்தான் வேலை. போன வாரம்வரை அல்சூர் பேக்கரியில் கேக்குமேல் க்ரீம் ரோஜா பிழிந்த கை, இப்போது ஒரு சின்ன டிஷ்ஷுக்குள் இளஞ்சிவப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. அடியில் இதய செல்கள் ஒட்டி வளர்கின்றனவாம். சரக்கைக் கண்ணில் காட்டாமலே விற்கிற வியாபாரம்போல, வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழ். கேக் மாவு என்று நினைத்த கை, குமிழை வெளியேற்ற, அவளைக் கேட்காமலே டிஷ்ஷைத் தூக்கி மேசையில் டொக்கென்று தட்டிவிடுகிறது. "அய்யோ, கேக் டின்னா அது?" என்று பயிற்சி தரும் தீபிகா பதறுகிறாள். "செல்லெல்லாம் பிச்சுக்கிட்டு வந்திருந்தா கதை முடிஞ்சுது. நீங்களே பாருங்க." வேலை போயிற்று என்றே பிரிஸில்லா மைக்ராஸ்கோப்பில் குனிகிறாள். மங்கல் வெளிச்சம் மெல்லத் தெளிகிறது. உடம்பு இல்லை, ஆள் இல்லை; ஒட்டிய இடத்திலேயே அந்தப் பரப்பு முழுவதும் ஒன்றாகச் சுருங்கி விரிகிறது, மறுபடி சுருங்கி விரிகிறது. "இன்னா, இருக்கா போச்சா?" "அடிக்குது மேடம்." சர்ச்சுக்குள் பேசுகிற குரல் அது. தீபிகாவும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெருமூச்சோடு சிரிக்கிறாள். "பொழச்சீங்க. நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடுங்க." "சரி மேடம்" என்கிற பிரிஸில்லா மறுபடி குனிந்துவிட்டாள்; நிமிர்வதாக இல்லை.