பிள்ளையாருக்கு ஒரு விமானம்

"ஆணி சரிவராது. போல்ட் போட்டு இறுக்குங்கோ," என்றாள் அன்னபாக்கியம்.

மர விமானத்தின் இறக்கை அவள் கையில் இலேசாக ஆடியது. மயில்வாகனம் குறடு ஒன்றை எடுத்து, காலையில் அடித்த ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அக்கராயனில் பாதி வீடுகளுக்குக் கதவும் கட்டிலும் செய்து கொடுத்த தச்சர் அவர். அவருடைய வேலையில் இதுவரை குறையே சொல்லாத மனைவி, இந்த விமானத்தில் மட்டும் ஆயிரம் நொட்டை பிடித்தாள். மூக்குக் கூர்மை போதாது, வால் சரிவு, இப்போது இறக்கை.

"பிள்ளையாருக்குக் குடுக்கிற சாமான். செட்டை கழண்டு விழுந்தால் நேர்த்தி குறையாப் போயிடும்."

"ஓம், ஓம். போல்ட்டே போடுறன்."

வெளிநாட்டு விசாவுக்காக நேர்ந்துகொள்கிறவர்கள், காரியம் கைகூடியதும் சந்திப் பிள்ளையார் கோயிலில் ஒரு விளையாட்டு விமானம் கொண்டுபோய் வைப்பது கொஞ்சக் காலமாகப் பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் கிளிநொச்சிக் கடைகளில் பிளாஸ்டிக் விமானம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்னபாக்கியம் மட்டும் கணவன் கையால் செய்த மர விமானம் தருவதாக நேர்ந்திருந்தாள். என்ன காரியத்துக்கு என்று அவர் கேட்டபோது, நேர்த்தியைத் தீர்க்குமட்டும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கேட்கவே தேவையில்லை. கனடாவில் இருக்கும் மகள் கிருசாந்தி, அம்மாவையும் அப்பாவையும் நிரந்தரமாகத் தன்னோடு கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் அன்னபாக்கியத்தின் போனுக்குத்தான் வரும். காரியம் கைகூடாமல் யாராவது நேர்த்தி தீர்ப்பார்களா? விசா வந்துவிட்டது என்று மயில்வாகனம் முடிவு கட்டிக்கொண்டார்.

உண்மையில் அவருக்குப் போக விருப்பமே இல்லை. முன்பே போய்விட்ட கூட்டாளி அப்புத்துரை அடிக்கடி வீடியோவில் வருவார். வீட்டுக்குள்ளேயே தலைக்குத் தொப்பியும் காலுக்கு மேஸும் போட்டபடி, யன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைக் காட்டி, இன்றைக்கும் வெளியில் போகவில்லை மச்சான் என்பார். அதைப் பார்த்தாலே மயில்வாகனத்துக்கு மூச்சு முட்டும். உளி பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பார்க்க அவரால் முடியாது.

ஆனால் இதை எப்படி மனைவியிடம் சொல்வது? அவளுக்கு மகள் என்றால் உயிர். பின்னேரமானால் போனும் கையுமாக இருந்துவிடுவாள். இரண்டு ஸ்வெட்டர் கூட வாங்கி அலுமாரியில் மடித்து வைத்திருந்தாள். அதனால்தான் விண்ணப்பம் வந்தபோது அவர் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அரிசி ஆலையில் கண்டவர்களிடம் எல்லாம், கனடாவுக்குப் போகப்போகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லித் திரிந்தார்.

டிரில் மெசினால் இறக்கையிலும் உடலிலும் நேராகத் துளை போட்டார். விமானத்தின் உடல் மலைவேம்பு. மெத்தென்ற மரம், நேரே நட்டை இறுக்கினால் அமுங்கி வெடித்துவிடும். அகலமான வாஷரை வைத்துப் போல்ட்டை நுழைத்தார். நட்டை முக்கால்வாசி திருகியதும் அவர் கை நின்றது.

இப்படியே விட்டால் என்ன? கோயில் வாசலில் இறக்கை கழன்று விழும். சகுனம் பிழை என்று அன்னபாக்கியமே பயணத்தை நிறுத்திவிடுவாள். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மறு நிமிடமே அவருக்கு வெட்கமாகிவிட்டது. பிள்ளையோடு இருக்க ஆசைப்படுகிறவளின் ஆசையில் மண் அள்ளிப் போடுவதா? நட்டை இறுக்கினார். அதன் மேல் இன்னொரு நட்டையும் போட்டு, ஸ்பானரால் முழுப் பலத்தையும் கொடுத்து இறுக்கினார்.

அன்னபாக்கியம் வந்து, இறக்கையில் பிடித்தே விமானத்தைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்ப அசையேல்லை. இதுதான் வேலை."

அந்த முகத்தைப் பார்க்க அவருக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. போகிற இடத்தில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இவள் பக்கத்தில் இருப்பாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளில் கோயிலுக்குப் போனார்கள். விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் இருந்தாள். வழியில் கண்டவர்கள் எப்போது பயணம் என்று விசாரித்தார்கள். அவள் சிரித்தாளே தவிர, பதில் சொல்லவில்லை.

ஐயர் விமானத்தை வாங்கிப் பிள்ளையாரின் காலடியில் வைத்து அர்ச்சனை செய்தார். வேலைப்பாட்டை மெச்சினார். திருநீறு கொடுக்கும்போது, "பயணம் சுகமாய் அமையட்டும் அம்மா," என்றார்.

அன்னபாக்கியம் கணவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயணம் இல்லை ஐயா. விசா கிடைக்கக்கூடாது எண்டுதான் நேர்ந்தனான். போன கிழமை, இல்லையெண்டு பதில் வந்திட்டுது."

மயில்வாகனம் நெற்றிக்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தார்.

"கோவிக்காதேங்கோ," என்றாள் அவள். "நீங்கள் ஆசையாய்த் திரிஞ்சியள், அதுதான் சொல்லப் பயந்தனான். எனக்கு அந்தக் குளிருக்குள்ள போய் இருக்க ஏலாது. பிள்ளை ஆவணியில இஞ்ச வாறன் எண்டு சொன்னவள்."

மயில்வாகனம் திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு ஐயரிடம் திரும்பினார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, நடையைச் சாத்திப்போடாதேங்கோ. கடையில ஒரு சாக்குத் தேங்காய் வாங்கியந்து உடைக்கவேணும். அதே காரியத்துக்கு நானும் நேர்ந்து வைச்சிருக்கிறன்."