கல்லீரலுக்கு ஓர் இலை

குற்றாலம் அண்ணாச்சியின் முதல் வருடத் திதியன்று ஒரு காக்கைகூட மொட்டைமாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர் சாப்பிட்டார் என்று தெரியாமல் மனைவி செண்பகவல்லிக்குத் தண்ணீர்கூட இறங்காது. கணவரின் கல்லீரலைப் பொருத்திக்கொண்ட சூசையைக் கூப்பிட்டு இலை போட்டாள்.

“நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரனாச்சே, அக்கா.”

“கல்லீரல் எங்க வீட்டுதுல்லா? பேசாம சாப்பிடுங்க தம்பி.”

கல்லீரலில் ரத்தம் ஓடும் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுச் சொல்லும் பட்டை, சூசையின் வயிற்றில் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. சாம்பாருக்கும் அவியலுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. குற்றாலத்துக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தாமிரபரணி வெள்ளம் போல ஓசை ஏறியது. “ரத்தம் நன்றாகப் பாய்கிறது” என்றது பட்டை.

செண்பகவல்லி சூசையின் வயிற்றைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: “அள்ளி அள்ளி முழுங்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!”

பிறகுதான் தனக்கு ஓர் இலை போட்டுக்கொண்டாள்.