ஆறு பேர் படுக்கலாம்

படகுத்துறையில் இரண்டு பழைய பாய்மரப் படகுகள் விலைக்கு நின்றன.

“எனக்குள்ள ஆறு பேர் படுக்கலாம். உனக்குள்ள?” என்றது பெரியது.

“ரெண்டு பேர். அதுவும் காலை மடக்கினா,” என்றது சின்னது, கூச்சத்தோடு.

படகு வாங்க செசிலி தனியாக வந்தாள். பெரிய படகுக்குள் நிமிர்ந்து நடந்து பார்த்தாள்; ஆசையாகத்தான் இருந்தது. பாய்க் கயிற்றைத் தொங்கியே இழுத்தாள். பாய் ஏறவில்லை.

சின்னதில் நுழைந்ததுமே தலையை இடித்துக்கொண்டாள். ‘போச்சு!’ என்று நினைத்தது சின்னது. ஆனால் நாலே இழுப்பில் பாய் ஏறி, காற்றில் உப்பியது.

“நான் ஒருத்திதானே, நீ போதும்டா,” என்று பாய்மரத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

கிளம்பும்போது பெரியது கத்தியது: “தம்பி! போற இடத்துல பெரிய குடும்பம் ஏதாவது பார்த்தா, என்னைப் பத்திச் சொல்லு!”

“சொல்றேன் அண்ணே! ஆறு பேர், காலை நல்லா நீட்டியே படுக்கலாம்னு!”