ஹால் அசையவில்லை

"நேத்து உங்க தனி ஆவர்த்தனம் முடியற வரைக்கும் ஹாலே அசையலை சார். எங்கம்மா அழுதுட்டாங்க" என்றாள் பாடத்துக்கு வந்த கீர்த்தி.

மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்த அசோகன் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டான். "மெதுவாப் பேசும்மா" என்றான்.

பாடகர் ஓய்ந்து மிருதங்கம் மட்டும் முழங்கும் அந்த நேரத்தில் நேற்று அவனுக்கு என்ன வந்ததோ, கை தன் பாட்டுக்குப் பறந்துவிட்டது. கலைஞன் என்று இருந்தால் ஒரு நாள் இப்படிப் புத்தி கெட்டுத்தான் போகும்.

மந்தைவெளியில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருவது வாடகைக்கே இழுபறி. மார்கழிக் கச்சேரிகள்தான் அவனுக்குச் சோறு போட்டன. அவற்றை வாங்கிக் கொடுப்பவர் பஞ்சாட்சரம். மயிலாப்பூரில் எந்தச் சபா செயலாளரும் அவர் பேச்சைத் தட்டுவதில்லை. அவர் கைவிட்டால், தி.நகரில் மாமனார் வெள்ளைச்சாமியின் ஜவுளிக்கடைக் கல்லாதான் கதி.

"மாப்ள, தோலைத் தட்டுறதெல்லாம் ஒரு சோலியா? ஒங்க சேர் காலியாத்தான் கெடக்கு" என்று அவர் வாரம் தவறாமல் போன் செய்வார். அந்தச் சேரை நினைத்தாலே அசோகனுக்கு மூச்சு முட்டும்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பஞ்சாட்சரம் செருப்பை உதறிய வேகத்திலேயே சேதி தெரிந்துவிட்டது.

"இன்னா வாத்தியாரே, பேப்பர்ல உன்ன ஆகா ஓகோன்னு எழுதிக்கீறான்?"

"மன்னிச்சிடுங்கண்ணே. கை சூடு பிடிச்சிருச்சு. என்னை மீறிப் போயிடுச்சு."

"உன்ன நம்பி எம்மாம் செலவு பண்ணிக்கீறேன் தெரியுமா?"

கீர்த்திக்குப் பொறுக்கவில்லை. "சார் நல்லாத்தானே வாசிச்சார்?"

"அதாம்மா என் வயித்தெரிச்சல்."

"அடுத்த கச்சேரியில பழையபடி வாசிச்சிடறேன்ணே" என்று அசோகன் கெஞ்சினான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. நேற்றைய கைதட்டலை இன்னொரு முறை கேட்காமல் இருக்க முடியுமா என்று அவனுக்கே சந்தேகம்.

பஞ்சாட்சரத்துக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது போலும். "ருசி கண்டுட்ட. இனிமே அடங்க மாட்ட" என்றவர் கீர்த்தியின் பக்கம் திரும்பினார். "நீ எப்பிடி வாசிப்ப கண்ணு? எங்க, கொஞ்சம் வாசி."

கீர்த்தி வாசித்தாள். தாளம் ஒரு பக்கம் போக, அவள் விரல்கள் வேறு பக்கம் போயின. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். பஞ்சாட்சரத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம கச்சேரிக்கு இந்தப் பொண்ணுதான். சீசன் முழுக்க."

அசோகன் எழுந்தே விட்டான். "அண்ணே, அவளுக்கு இன்னும் தாளமே நிக்கலையே."

"அதான் வோணும். தனி ஆரம்பிச்சா ஜனம் எந்திரிச்சு வெளிய வரணும் வாத்தியாரே. நேத்து ஒருத்தன் வரல. சபா கேன்டீன்ல நான் போட்டு வச்ச அத்தினி வடையும் ஆறிப்போச்சு."