ஒரே வயர்

அன்று கொடுத்தது லட்டா, கேக்கா? அவளுக்குச் சரியாக நினைவில்லை. கையில் நெய் பிசுபிசுத்ததாக ஒரு ஞாபகம். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

கோபம் மட்டும் பொய்யில்லை.

ஒரகடத்தில் ஒரு போன் கம்பெனி. அவள் லைனில் இருந்த பெண்கள் எல்லோரையும் கேன்டீனில் நிற்க வைத்திருந்தார்கள். போனில் சார்ஜர் சொருகும் வாய் இருக்கிறதே, அதைப் பொருத்துகிற லைன். விரல் மெலிந்தவர்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள்.

மேனேஜர் ஜெபராஜ் சிரித்தார்.

“இனிமே எல்லா போனுக்கும் ஒரே வயர்மா. எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி. ஜனங்களுக்கு எவ்வளவு நல்லது!”

நல்லதுதான்.

ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எட்டுப் பேர், வெவ்வேறு கம்பெனிக்காரிகள். ஒருத்தி வயர் இன்னொருத்தி போனில் ஏறாது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி செஞ்சு தொலைச்சா என்னவாம் என்று அவளே எத்தனை முறை கத்தியிருக்கிறாள்.

செய்துவிட்டார்கள்.

இனி புது வாய் பொருத்திய போர்டே வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும். லைன் வேண்டாம். லைன் இல்லையென்றால் ஹாஸ்டல் இல்லை. ஹாஸ்டல் இல்லையென்றால் ஊர்.

ஊரில் அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே காரணம் இந்த வேலை.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு சின்னப் பெட்டி.

உள்ளே புது வயர். கம்பெனியின் அன்பளிப்பு.

அவர்கள் எல்லோரிடமும் இருந்தது பழைய வாய் போன். அதே கம்பெனி சலுகையில் விற்றது. அவர்களே பொருத்திய வாய்.

லைனில் பக்கத்து ஸ்டூலில் உட்காரும் கோகிலவாணி வயரைத் தூக்கிப் பிடித்தாள்.

“சார், இது எங்க போன்ல ஏறாது. கார்டுக்குப் பதிலா கழுத்துல மாட்டிக்கவா?”

ஜெபராஜ் மட்டும் சிரித்தார்.

இவள் தனக்குக் கொடுத்த லட்டை உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். கேக்காகவும் இருக்கலாம். தூள் தூளாகத் தரையில் விழும்வரை நசுக்கினாள்.

அதைப் பெருக்க வந்ததும் ஒரு பெண்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜெபராஜ் இப்போது வேறு கம்பெனியில் இன்னும் பெரிய மேனேஜர். கோகிலவாணி செய்யாறில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். உட்கார விடுவதில்லையாம். லைன் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

அவளுக்கு, அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளையோடு தையில் கல்யாணம் முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டில் புது போன் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த வயர் அதில் கச்சிதமாக ஏறியது.