கடைவாய்ப் பல் இல்லாத மிருகம்

"இது உங்க மூக்கன் வேலைதான். வேற யாரும் இல்ல."

அடுத்த வீட்டு டீச்சர், கொட்டகைக்குப் பின்னால் கிடந்த எலும்புகளைக் குடை நுனியால் காட்டினார். சில நாட்களாக அவருடைய செவலைக் கோழியைக் காணவில்லை. தேடித் தேடி அலுத்துப்போனவர், இன்று காலை வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடித்த தோரணையில் நேராக உள்ளே வந்துவிட்டார்.

தெருவில் கிடந்த மூக்கனை இந்த வீட்டு மகள் தூக்கி வந்த அன்றே அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். ஒரு புகார் வந்தாலும் போதும், நாய் அன்றைக்கே காப்பகத்துக்குப் போய்விடும். அம்மா சொன்னால் சொன்னதுதான், அதில் சிபாரிசு எல்லாம் எடுபடாது.

மூக்கனுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? தன்மேல் குற்றம் சாட்டியவரின் செருப்பையே ஆசை ஆசையாக முகர்ந்துகொண்டிருந்தது.

அப்பா கஞ்சிக் கோப்பையோடு ஓடி வந்தார். டாக்டர் வாயைக் கட்டச் சொன்னதிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் அதுதான்.

"கீரியா இருக்கும் டீச்சர். இதைப் போய் யாராவது பெருசு பண்ணுவாங்களா? நான் மண்ணைப் போட்டு மூடிடறேன்" என்று மண்வெட்டியை எடுத்தார்.

"தொடாதீங்க" என்றாள் பின்னால் வந்த அம்மா.

அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டார். அம்மாவுக்கு வனத்துறையில் உத்தியோகம். எங்கே ஆடு மாடு செத்துக் கிடந்தாலும் முதலில் அவளைத்தான் அழைப்பார்கள். அடித்தது சிறுத்தையா, ஓநாயா, நரியா என்று கிடப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வீட்டில் யாரும் அவளிடம் பொய் சொல்லிப் பிழைத்ததில்லை.

அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"அம்மா, மூக்கன் செஞ்சிருக்காதும்மா" என்றாள் மகள்.

"செஞ்சிருந்தா சொல்லத்தான் போறேன். கொஞ்சம் சும்மா இரு."

அப்பா கஞ்சியைக்கூட உறிஞ்சாமல் நின்றார்.

"நாய் இல்ல" என்றாள் அம்மா.

மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எப்படிச் சொல்றீங்க?" டீச்சர் விடுவதாயில்லை.

"நாய்னா நறுக்கு நறுக்குனு நொறுக்கி முழுங்கியிருக்கும். இப்படி அழகாச் சப்பி வெச்சுட்டுப் போகாது."

"அப்ப கீரிதான்" என்றார் அப்பா, ஆவலாக.

"கீரியும் இல்ல. பருந்தா இருந்தா இறகு கொட்டிக் கிடக்கும், இங்க ஒண்ணுகூட இல்ல. இது கொஞ்சம் வயசான மிருகம். கடிச்ச தடத்துல ஒரு இடம் விட்டுப்போயிருக்கு பாருங்க. கடைவாய்ப் பல் ஒண்ணு கிடையாது." அம்மா பக்கத்தில் நசுங்கிக் கிடந்த புல்லைத் தடவினாள். "நல்ல எடை. இங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கு. அதுவும் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கிட்டு. பயந்த சுபாவம்."

டீச்சர் இரண்டடி பின்வாங்கிக் குடையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அது மறுபடியும் வருமா?"

"ருசி கண்டுடுச்சு. விட்டா வரும்."

"அய்யோ, அப்ப என் செவலை?"

"உங்க கோழிக்கு ஒண்ணும் ஆகல. இந்த எலும்பு அதோடது இல்ல." அம்மா எழுந்து வேலியோரம் போனாள். அங்கே உருண்டையாக, வழக்கத்தைவிடப் பெரிதாகக் கோழி எச்சம் கிடந்தது. "இது பழசு இல்ல, இன்னிக்குப் போட்டது. அடை உட்கார்ந்த கோழிதான் அடக்கி வெச்சிருந்து எழுந்து வந்து இப்படிப் போடும். பக்கத்துலதான் எங்கேயோ முட்டை மேல உட்கார்ந்திருக்கு. உங்க விறகு அடுக்குக்குப் பின்னாடி பாருங்க."

டீச்சர் நம்பிக்கையில்லாமல்தான் போனார். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் செவலையைக் கொஞ்சுவதும், செவலை அவரைக் கொத்த வருவதும் கேட்டது. பிறகு அவருடைய தலை மட்டும் வேலிக்கு மேலே தெரிந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. குஞ்சு பொரிச்சா உங்களுக்கு ரெண்டு தரேன்."

"மூக்கனைக் கண்டு அதுங்க பயப்படாம இருந்தாச் சரி" என்று அம்மா சிரித்தாள்.

மகள் மூக்கனைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அந்த எலும்புகள் ஞாபகம் வந்தன.

"அம்மா, அப்ப அந்தக் கடைவாய்ப் பல் இல்லாத மிருகம் எது? திரும்பி வரும்னு சொன்னியே. மூக்கனை ஏதாவது செஞ்சுடுமா?"

அம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டே, "உங்கப்பாவை வாயைத் திறந்து காட்டச் சொல்லு" என்றாள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையில வாங்கித் திருட்டுத்தனமாத் தின்னதுதான் தின்னீங்க" என்றாள் அம்மா. "எலும்பைப் பக்கத்துல இருந்த நாய்க்குப் போட்டிருந்தா எனக்கு ஒரு தடயமும் மிஞ்சியிருக்காதே. அதுகூடவா தோணல?"

அப்பா மெல்ல நிமிர்ந்து மகளைப் பார்த்துக் கேட்டார்.

"வெந்த கோழி எலும்பு மூக்கன் தொண்டையில குத்திடும்னு நீதானேம்மா சொன்ன?"